ஒரு பிடி மண் பதம் சொல்லாது

2014 அக்டோபரில், புகுஷிமா மாகாணத்தின் வடபகுதியில், அபுக்குமா மலைகளின் அடிவாரத்தில் நெல் பயிரிடும் ஒரு பெரியவரிடம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். இரண்டும் அவருடைய ஒரே வயலின் மண்ணை அளந்து எழுதியவை. முதல் தாளில், அணு உலை விபத்தில் விழுந்த கதிரியக்கச் சீசியம் கிலோவுக்கு 1,900 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). இரண்டாவதில் 4,300. அவர் கோபப்படவில்லை. தாள்களை மேசைமீது அருகருகே வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதில் எது என் வயல்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. ஊர்மக்களே சேர்ந்து நடத்திய ஒரு அளவீட்டு அறையில் நான் தன்னார்வலராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கருவியை இயக்கத் தெரியும், கதிர்களை ஆற்றல்வாரியாகக் காட்டும் நிறமாலையைப் படிக்கத் தெரியும். இரண்டு முறையும் கருவி ஒழுங்காகவே வேலை செய்தது. தவறு அதற்கு முன்பே, வயல் வரப்பில் நடந்து முடிந்திருந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அங்கே மண் அளந்தேன். அந்தக் காலத்தில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, அவருடைய கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்ததுதான். எங்கேயாவது யாராவது இந்த வேலையை மறுபடி செய்ய நேர்ந்தால், நான் செய்த பிழைகளையாவது அவர்கள் செய்யாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மண்ணில் விழுந்தது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய பிறகு, புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. மார்ச் 15 அன்று வெளியேறிய கதிரியக்கத் துகள்களைக் காற்று வடமேற்கே கொண்டு சென்றது. அந்த நேரத்தில் பெய்த மழையும் பனியும் அவற்றைத் தரையில் இறக்கிவிட்டன. அதனால்தான் ஈத்தாத்தே கிராமத்தின் பெரும்பகுதி ஆலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும், அந்தக் கிராமம் முழுவதையும் காலி செய்ய நேர்ந்தது. தெற்கே அதைவிட அருகில் இருந்த சில ஊர்களில் பாதிப்பு குறைவு. வரைபடத்தில் ஆலையைச் சுற்றி வட்டம் போட்டு, இந்த வட்டத்துக்குள் ஆபத்து, வெளியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழை எங்கே பெய்தது என்று கேளுங்கள்.

விழுந்தவற்றில் அயோடின்-131 எட்டே நாளில் பாதியாகக் குறைந்துவிடும். எங்களைப் போன்ற அறைகள் கருவி வாங்கி, பழகி, அளக்கத் தொடங்கியபோது அது போய்விட்டிருந்தது. தங்கியவை இரண்டு சீசியங்கள். சீசியம்-134-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 2 ஆண்டு, சீசியம்-137-இன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. புகுஷிமாவில் இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் விழுந்தன. அந்தச் சமம் எவ்வளவு உதவியான செய்தி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சீசியம் களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த மலைப்பகுதி மண்ணில் சிதைந்த அபிரகம் (மைக்கா) நிறைய உண்டு. அதன் படலங்களின் ஓரங்களில் சீசியம் போய்ச் செருகிக்கொண்டால் மழை நீரால் அதை எளிதில் கழுவ முடியாது. ஆகவே, உழாத நிலத்தில் ஆண்டுகள் கழிந்தும் பெரும்பகுதி மேல் 5 சென்டிமீட்டருக்குள்ளேயே இருந்தது. இதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஆழம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 5 சென்டிமீட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் கைக்கரண்டியை 10 சென்டிமீட்டர் இறக்கினால், கீழே இருக்கும் சுத்தமான மண்ணும் கலந்து எண் ஏறக்குறையப் பாதியாகிவிடும். யாரையும் ஏமாற்ற நினைக்காமலே ஒரு நிலத்தைப் பாதி சுத்தமாக்கிவிடலாம்.

பெரியவரின் வயலில் நான் செய்தது இதைவிட மோசம். முதல் முறை, வயலின் நடுவில் ஒரே இடத்தில், அளவு பார்க்காமல் தோண்டினேன். அறுவடைக்காக நீர் வடித்திருந்தாலும் மண் ஈரமாகவே இருந்தது. அந்த ஈரத்தோடு எடை போட்டு அளந்துவிட்டேன். இரண்டாம் முறை அவரே மண் எடுத்து, வீட்டில் காகிதத்தில் பரப்பி உலர்த்திக் கொண்டுவந்தார். அவர் எடுத்த இடம், வயலுக்குள் நீர் நுழையும் வாய்மடைக்கு அருகில். முதல் மாதிரியில் மீதம் இருந்ததைத் தேடி எடுத்து 105 டிகிரி வெப்பத்தில் உலர்த்தி எடை போட்டேன். 38 சதவீதம் தண்ணீர்! உலர் எடையில் கணக்கிட்டால் 1,900 என்பது ஏறக்குறைய 3,060 ஆகிவிடுகிறது. வித்தியாசத்தில் பாதிக்கு விளக்கம் வெறும் தண்ணீர்தான். மீதியை வாய்மடை விளக்கியது. காட்டிலிருந்து வரும் ஓடை சீசியம் ஒட்டிய நுண்ணிய வண்டலைக் கொண்டுவந்து, நீர் வேகம் தணியும் முதல் இடத்தில் படிய விட்டிருந்தது.

எனவே முதல் பாடம்: எண்ணோடு சேர்த்து, ஈர எடையா உலர் எடையா, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்தத் தேதி, வயலில் எந்த இடம் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. இதை நான் மிகையாகச் சொல்லவில்லை. 2011 ஏப்ரலில் நெல் நடவு செய்யும் வயலுக்கு அரசு வைத்த எல்லை கிலோவுக்கு 5,000 பெக்கரல். ஒரு கிலோ மண்ணில் உள்ள சீசியத்தில் பத்தில் ஒரு பங்குவரை ஒரு கிலோ அரிசியில் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, அப்போது உணவுக்கு இருந்த தற்காலிக எல்லையான 500 பெக்கரலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட எண் அது. எல்லைக்கு அருகில் நிற்கும் ஒரு வயல், ஈரத்தோடு அளந்தால் ஒரு பக்கமும் உலர்த்தி அளந்தால் மறுபக்கமும் விழும். அதில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு விளைச்சல் இருக்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைக்குள் தண்ணீரும் கொதியும் எல்லா அரிசிக்கும் ஒன்று என்பதால் அந்தப் பழமொழி நிற்கிறது. மண் அப்படி வேகவில்லை. 2011 ஜூனில் ஜப்பான் அரசின் கல்வி, அறிவியல் அமைச்சகம் பல பல்கலைக்கழகங்களின் துணையோடு சுமார் 2,200 இடங்களில் மண் எடுத்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மாதிரியோடு நிறுத்தாமல், பொதுவாக ஐந்து மாதிரிகள் என்று மொத்தம் ஏறக்குறைய 11,000 மாதிரிகள் எடுத்தார்கள். சில அடி தூரத்துக்குள் எடுத்த ஐந்தும்கூட ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபட்டன. ஒரு புல் கற்றை, ஒரு சிறு பள்ளம், மழைநீர் ஓடிய தடம் போதும், எண் மாறிவிடும்.

பிறகு நாங்கள் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள எஃகுக் குழாயை மண்ணில் செங்குத்தாக அடித்து இறக்குவோம். ஒரு முறைக்கு 98 மில்லிலிட்டர் மண் கிடைக்கும். நிலத்தில் பரவலாகப் பத்து இடங்களில் எடுத்துக் கலந்தால் ஒரு லிட்டர் குவளை ஏறக்குறைய நிரம்பும். உழுத வயலாக இருந்தால் ஏர் போகும் ஆழமான 15 சென்டிமீட்டர்வரை எடுப்போம், ஏனென்றால் நெல்லின் வேர் பார்ப்பது அந்த மண்ணைத்தான். புல்லைப் பிடுங்கக் கூடாது, தரையோடு வெட்ட வேண்டும். பிடுங்கினால் வேரோடு மேல்மண்ணும் போய்விடும், அளக்க வந்ததே அந்த மேல்மண்ணைத்தானே.

குழாயின் வாய்ப் பரப்பு தெரியும் என்பதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. கிலோவுக்கு எத்தனை பெக்கரல் என்பது பயிருக்கு உதவும் கணக்கு. நிலத்தின்மேல் மொத்தம் எவ்வளவு விழுந்தது என்று அறிய, சதுர மீட்டருக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். செர்னோபில் விபத்துக்குப் பிறகு அசுத்தமான நிலம் என்பதற்கு வகுத்த எல்லை சதுர மீட்டருக்கு சீசியம்-137 37,000 பெக்கரல், அதாவது பழைய அலகில் சதுர கிலோமீட்டருக்கு ஒரு கியூரி. 5 சென்டிமீட்டர் ஆழ மண் ஒரு சதுர மீட்டருக்கு 65 கிலோ இருக்கும் என்று தோராயமாகக் கொள்வது வழக்கம். ஆனால் காட்டு மண் இலை மக்கி இலேசாக இருக்கும், வயல் மண் கனமாக இருக்கும். குழாயில் வந்த மண் முழுவதையும் எடை போட்டு, பரப்பால் வகுத்துவிட்டால் இந்தத் தோராயமே தேவையில்லை. கைக்கரண்டியால் அள்ளி வந்த மண்ணில் இந்தக் கணக்கை எவராலும் போட முடியாது.

மண் எடுப்பதற்கு முன் கையடக்கக் கதிர்வீச்சு அளவியோடு நிலத்தை நடந்து பார்ப்பது கட்டாயம். ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு முறை, தரையை ஒட்டி ஒரு முறை. ஒரு மீட்டர் உயரத்தில் கருவி சுற்றிலும் பல மீட்டர் தூரத்து நிலத்தைச் சேர்த்துப் பார்க்கும். தரையை ஒட்டினால் அந்த இடத்தை மட்டும் பார்க்கும். ஒரு வீட்டின் முற்றத்தில் மணிக்கு 0.3 மைக்ரோசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) காட்டிக்கொண்டிருந்த கருவி, கூரையின் மழைநீர்க் குழாய் தரையில் வந்து முடியும் இடத்தில் 4-ஐத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். தூய்மைப் பணிக்கு எல்லையாக வைத்திருந்தது 0.23. அந்தக் குழாயின் கீழ்தான் குழந்தைகளின் வாளிகள் அடுக்கியிருந்தன. கூரை முழுவதும் விழுந்ததை மழை ஒரு கை அகலத்துக்குள் சேர்த்திருந்தது. மரத்தடி, பாசி படிந்த கல், சாலையோர வடிகால் எல்லாம் இப்படித்தான். இத்தகைய இடங்களை விட்டுவிடவும் கூடாது, சராசரியில் கலக்கவும் கூடாது. தனியாக எடுத்து, தனியாக அளந்து, தனியாக எழுத வேண்டும். கலந்தால் இரண்டு கெடுதல்: முற்றம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும், குழாயடி உள்ளதைவிடப் பாதுகாப்பாகத் தெரியும்.

கையுறை, முகக்கவசம், பூட்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த மண்ணைச் சலிக்கும்போது முகக்கவசத்தை மறக்கவே கூடாது. கருவிகளைக் கழுவுவதுதான் அலட்சியம் புகும் இடம். குறைவாக இருக்கும் இடத்தில் முதலில் எடுத்து, அதிகமான இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால், ஒன்றின் மண் மற்றொன்றில் ஒட்டுவதால் வரும் கேடு பெரிதும் குறையும்.

அறைக்கு வந்த மண்ணில் கல்லையும் வேரையும் நீக்கி, உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, நன்கு கலக்கி, குவளையில் குறித்த கோடுவரை நிரப்புவோம். கோட்டுக்குக் கீழே நின்றாலும் மேலே போனாலும் கருவியின் கணக்கு மாறும். பலர் பை மண்ணோடு வந்து, கைகர் கருவியை அதன்மேல் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கைகர் கருவி ஏதோ ஒரு கதிர் வந்தது என்று எண்ணும், எந்தத் தனிமத்திலிருந்து என்று சொல்லாது. மண்ணிலேயே பொட்டாசியம்-40 உண்டு, யுரேனியம், தோரியத்தின் வழித்தோன்றல்களும் உண்டு. அவற்றிலிருந்து சீசியத்தைப் பிரித்தறிய ஒவ்வொரு காமா கதிரின் ஆற்றலையும் அளக்க வேண்டும். சீசியம்-137 என்றால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சீசியம்-134 என்றால் 605, 796.

எங்களிடம் இருந்தது சோடியம் அயோடைடு படிகக் கருவி. திரவ நைட்ரஜனோ வேறு குளிர்விப்போ வேண்டாம், ஈயக் கவசத்துக்குள் உட்கார வைத்தால் வேலை செய்யும். ஆனால் அதன் கண் கூர்மையற்றது. ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகம் கொண்ட கருவி ஊசிமுனையாகக் காட்டும் சிகரத்தை இது அகன்ற குன்றாகக் காட்டும். அருகருகே இருக்கும் இரண்டு சிகரங்கள் ஒரே குன்றாகிவிடும். ஒருமுறை, கருங்கல் பாங்கான, விபத்தால் அதிகம் பாதிக்கப்படாத ஒரு பகுதியிலிருந்து மண் வந்தது. கணினி எழுதிக் கொடுத்தது: சீசியம்-134 22 பெக்கரல், சீசியம்-137 15 பெக்கரல். அதை அப்படியே அச்சிட்டுக் கொடுக்க இருந்தேன். அறையில் மூத்தவரான ஒரு பெண்மணி தாளைப் பார்த்ததும், "விகிதம் பாருங்கள்" என்றார்.

சமமாக விழுந்தவை என்று சொன்னேன் அல்லவா? 2014 இலையுதிர் காலத்துக்குள் சீசியம்-134 முப்பது சதவீதத்துக்குக் குறைந்திருக்க வேண்டும், சீசியம்-137 தொண்ணூற்றிரண்டு சதவீதம் மிஞ்சியிருக்க வேண்டும். அதாவது 134, 137-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்க முடியும். 134 அதிகமாக இருப்பது நடக்கவே முடியாத காரியம். கருவி சீசியம் என்று நினைத்தது, கல்லிலிருந்து இயற்கையாக வரும் பிஸ்மத்-214-ஐ. அதன் கதிர் 609, சீசியம்-134-இன் கதிர் 605. ஜெர்மானியப் படிகக் கருவி உள்ள இடத்துக்கு அனுப்பியபோது 134 கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்தது. அன்றிலிருந்து விகிதம் பார்க்காமல் எந்தத் தாளும் என் கையைவிட்டுப் போகவில்லை. அதே விகிதம் இன்னொன்றையும் சொல்லும். 134 துளியும் இல்லாமல் 137 மட்டும் சிறிதளவு இருந்தால், அது பல பத்தாண்டுகளுக்கு முன் வானில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமாக இருக்கலாம். ஆண்டுகள் போகப்போக 134 மறைந்துவிடுவதால் இந்தச் சாட்சி நிரந்தரமல்ல. தொடக்க ஆண்டுகளிலேயே அளந்து, மாதிரியையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ரான்சியம்-90 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளைப் பற்றியும் மக்கள் கேட்பார்கள். அது எங்கள் கருவி பார்க்கும் காமா கதிரை விடாமல் பீட்டா கதிர் மட்டுமே விடுவது, வேதியியல் முறையில் பிரித்தெடுத்த பிறகே அளக்க முடியும். எங்கள் அறையால் முடியாது என்பதை நேரடியாகச் சொல்லிவிடுவோம். புகுஷிமா மண்ணில் விழுந்த அதன் அளவு சீசியத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. ஓர் இளம் தாய் தன் குழந்தை விளையாடும் மணல்தொட்டியின் மண்ணைக் கொண்டுவந்தார். அன்று வரிசை நீளம். அரைமணி நேரம் மட்டும் அளந்து, "கண்டறியப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் கருவி கண்டறியக்கூடிய எல்லை கிலோவுக்கு 60 பெக்கரல். அதைத் தாளின் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம். அவர் பூஜ்ஜியம் என்று படித்தார். வேறு எப்படிப் படிப்பார்? சில வாரங்கள் கழித்து, அதே மண்ணை ஓர் இரவு முழுவதும் அளக்க வாய்ப்புக் கிடைத்தது. 38 வந்தது. பெரிய எண் அல்ல. ஆனாலும் அவர், "அப்படியானால் அன்று ஏன் இல்லை என்றீர்கள்?" என்று கேட்டார். விபத்து நடந்த நாட்களில் அதிகாரிகளிடமிருந்து அவர் கேட்டுச் சலித்த வகைச் சொல்லை நானும் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

கதிரியக்கச் சிதைவு சீராக நடப்பதில்லை, எப்போது எந்த அணு சிதையும் என்று சொல்ல முடியாது. அதனால் எண்ணிக்கையில் எப்போதும் ஓர் ஊசலாட்டம் இருக்கும். 100 எண்ணினால் பிழை சுமார் பத்து சதவீதம், 10,000 எண்ணினால் ஒரு சதவீதம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். மணல்தொட்டிச் சம்பவத்துக்குப் பிறகு "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லையே தாளிலிருந்து எடுத்துவிட்டோம். "60-க்கும் குறைவு" என்று, மற்ற எண்களுக்குச் சமமான பெரிய எழுத்தில் எழுதினோம். குழந்தைகள் புழங்கும் இடத்து மண்ணை இரவில்தான் வைப்பது என்றும் முடிவு செய்தோம்.

ஒவ்வோர் அறையும் தனக்குத் தோன்றியபடி அளந்தால் எண்களை ஒப்பிட முடியாது. 2014 முதல் மூன்று ஆண்டுகள், குடிமக்களின் அளவீட்டு அறைகள் பல கைகோத்து, கிழக்கு ஜப்பானின் 17 மாகாணங்களில் சுமார் 3,400 இடங்களின் மண்ணை ஒரே முறையில் அளந்தன. விஞ்ஞானப் பட்டம் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் குனிந்து எடுத்த மண் அது. தேதி வேறுபட்டால் சிதைவைக் கணக்கிட்டு ஒரே நாளுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆழம் வேறுபட்டால் எதுவும் செய்ய முடியாது.

பெரியவரிடம் 2015 வசந்தத்தில், நடவுக்கு முன் மறுபடி போனேன். வயலை ஒன்பது கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்தோம். குழாயை அவரே அடித்து இறக்கினார். எந்தக் கட்டத்தில் நீர் தேங்கும், எங்கே பழைய வரப்பு இருந்தது, எந்த ஆண்டு எங்கே மண் கொட்டினார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எந்தக் கருவியிலும் இல்லாத தகவல் அது. 15 சென்டிமீட்டர் ஆழம், உலர் எடை, ஒன்பது எண்கள். வாய்மடைக் கட்டத்தில் 4,600. கடைமடையில் 2,300. மற்றவை 2,700-க்கும் 3,400-க்கும் இடையில்.

கூடவே மண்ணில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய பொட்டாசியத்தையும் வேளாண் ஆய்வகத்தில் பார்க்கச் சொன்னேன். பொட்டாசியம் போதிய அளவு இருந்தால் நெல் சீசியத்தை எடுப்பது வெகுவாகக் குறையும். 100 கிராம் மண்ணில் 25 மில்லிகிராம் பொட்டாஷ் இருக்க வேண்டும் என்பது புகுஷிமாவில் உழவர்களுக்குச் சொல்லப்பட்ட இலக்கு. அவருடைய வயலில் கடைமடைப் பக்கம் அது குறைவாக இருந்தது. மண்ணில் சீசியம் மிகக் குறைந்த கட்டத்தில்தான் பயிருக்குச் சீசியம் ஏறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பதைக் கண்டு இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அவர் அந்தப் பக்கம் பொட்டாசியம் குளோரைடு கூடுதலாக இட்டார். 2012 முதல் புகுஷிமாவில் விளைந்த அரிசி மூட்டை ஒவ்வொன்றையும் கருவியில் ஏற்றிச் சோதித்தார்கள். உணவுக்கான எல்லை அதற்குள் கிலோவுக்கு 100 பெக்கரலாகக் குறைந்திருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய மூட்டைகள் எல்லாம் தேறின.

மூன்றாவது தாளாக நான் கொடுத்தது ஒரு படம். ஒன்பது கட்டம், ஒவ்வொன்றிலும் சீசியம், பொட்டாசியம், ஓரத்தில் தேதி. அவர் பழைய இரண்டு தாள்களையும் கொண்டுவந்து, 1,900 எந்தக் கட்டம், 4,300 எந்தக் கட்டம் என்று என்னிடம் கேட்டு, பென்சிலால் அந்தந்த இடத்தில் சிறிய வட்டம் போட்டார். 1,900-க்குப் பக்கத்தில் "ஈரம்" என்று எழுதினார். பிறகு, பனி உருகி ஓடை பெருகிய பின் வாய்மடைக் கட்டத்தை மட்டும் ஆண்டுதோறும் அளந்து தர முடியுமா, வண்டல் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். குழாயை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.